ஒரு கதவு, பல அட்டை: கார்டு ரீடர் தேர்வு செய்வது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்கு முதல் வேலை என்னவாக இருக்கும்? கேமரா மாட்டுவது, நெட்வொர்க் கேபிள் இழுப்பது, கதவுக்குக் கார்டு ரீடர் பொருத்துவது, இப்படித்தான் இருக்கும். ராஜபாளையம் நூற்பாலை கேட்டிலிருந்து சென்னை அலுவலகக் கட்டடம் வரை இப்போது அட்டையைக் காட்டித்தான் உள்ளே போகிறார்கள். அங்கே ஒரு மேனேஜர் நம்மைப் பார்த்து, "எந்த ரீடர் வாங்கலாம் தம்பி?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? விலைப்பட்டியலில் 'மல்டி டெக்னாலஜி ரீடர், எல்லா அட்டையையும் படிக்கும்' என்று போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி வாங்கினால் என்ன ஆகும், எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

ரீடர் செய்யும் வேலை

கதவைத் திறப்பது ரீடர் அல்ல. ரீடர் அட்டையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, உள்ளே இருக்கும் கண்ட்ரோலருக்கு அனுப்புகிறது. 'இந்த எண் பட்டியலில் இருக்கிறதா, இந்த நேரத்தில் இவருக்கு அனுமதி உண்டா' என்று பார்த்துப் பூட்டை விடுவிப்பது கண்ட்ரோலர்தான். அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ரீடரின் காயில் உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்து, அட்டைக்குள் இருக்கும் மெல்லிய காயில் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. முதலாண்டில் டிரான்ஸ்பார்மர் பாடத்தில் படித்த அதே தூண்டல் தத்துவம்தான்.

அட்டைகளில் எத்தனை வகை?

முதல் வகை, 125 கிலோஹெர்ட்ஸ் அட்டை. நம் ஊர் மில்களிலும் விடுதிகளிலும் பார்க்கும் தடித்த வெள்ளை அட்டை பெரும்பாலும் இதுதான். விலை குறைவு. ஆனால் ரீடர் பக்கத்தில் போனதும் தன் எண்ணை அப்படியே கத்திச் சொல்லிவிடும். யார் கேட்கிறார்கள் என்று பார்க்காது, ரகசியக் குறியீடும் கிடையாது. ஒரு சிறு கருவி இருந்தால் சில நொடிகளில் இதற்கு நகல் எடுத்துவிடலாம்.

இரண்டாவது வகை, 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டை. இதில் பெயர் பெற்றது 1994-ல் வந்த மைஃபேர் கிளாசிக். இதில் ரகசியச் சாவி உண்டு, ஆனால் அதன் நீளம் 48 பிட்தான். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளோட்ஸ் ஆகிய இருவரும் இந்தச் சிப்பின் ரகசிய முறையைப் பிரித்துக் காட்டினார்கள். 2008-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைக்கும் வழியையே வெளியிட்டார்கள். டெஸ்ஃபயர் வரிசையின் புதிய அட்டைகள் போன்றவை 128 பிட் ஏ.இ.எஸ். முறையைப் பயன்படுத்துகின்றன. இன்று புதிதாக வாங்குவதானால் இந்த வகையைத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, கைபேசி. என்.எஃப்.சி. வழியாகவோ புளூடூத் வழியாகவோ கைபேசியே அட்டையாக வேலை செய்யும்.

மல்டி டெக்னாலஜி ரீடர் என்பது இவற்றில் இரண்டு மூன்றை ஒரே பெட்டிக்குள் வைத்தது. 125 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு காயில், 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு காயில், புளூடூத்துக்கு ஒரு ஆன்டெனா. "யாராவது இருக்கீங்களா?" என்று ரீடர் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஏன் இப்படி ஒன்று தேவை?

ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரே இரவில் எல்லோருடைய அட்டையையும் மாற்ற முடியாது. பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே நடக்க வேண்டும். சென்னை மெட்ரோ ரயிலைப் பாருங்கள். 29-6-2015 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியபோது டோக்கனும் பயண அட்டையும் இருந்தன. பிறகு க்யூ.ஆர். டிக்கெட் வந்தது. 14-4-2023 அன்று தேசியப் பொது அட்டை முறையில் 'சிங்காரச் சென்னை' அட்டை வந்தது. அன்றே பழைய அட்டையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இரண்டு அட்டையும் ஒரே நிலையத்தில் சேர்ந்தே நடந்தன. பயணிக்குச் சிரமம் இல்லாமல் மாறுவது என்றால் இதுதான்.

சத்தம் வந்தது, கதவு திறக்கவில்லை

இப்படி மாறும்போது கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. நாங்கள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையடிவாரம். அம்மா ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறார். வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான்.

போன வருடம் அந்த மில்லில் பழைய ரீடரைக் கழற்றிவிட்டு, மல்டி டெக்னாலஜி ரீடர் மாட்டினார்கள். இரவு ஷிப்டுக்குப் போன அம்மா அட்டையைக் காட்டினார். 'பீப்' சத்தம் வந்தது, விளக்கும் எரிந்தது, ஆனால் கேட் திறக்கவில்லை. கூட வந்தவர்களுக்கும் அதே கதி. செக்யூரிட்டி அண்ணாச்சி பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது அம்மாவுக்கு ஒரு ஷிப்டு குறைந்தது. கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்ல ஏறலையேம்மா" என்று பதில். "கார்டு நனைஞ்சு கெட்டுப் போச்சோ என்னமோடா, புதுசுக்குக் காசு புடிப்பாங்களோ" என்று அம்மா என்னிடம் கவலைப்பட்டார்.

அட்டை கெடவே இல்லை. சத்தம் வந்ததே, அதுவே சாட்சி: ரீடர் அட்டையைப் படித்துவிட்டது. கண்ட்ரோலருக்குப் போன எண்தான் வேறு.

எப்படி என்று பார்ப்போம். 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையின் முதுகில் இரண்டு விதமாக எண் அச்சடித்திருப்பார்கள். உதாரணத்துக்கு, 0012345678 என்று ஒன்று, பக்கத்தில் 188,24910 என்று ஒன்று. இரண்டும் ஒரே எண்தான். 188-ஐ 65536-ஆல் பெருக்கி 24910-ஐக் கூட்டுங்கள், 12345678 வரும். பழைய ரீடர் அனுப்புவது பெரும்பாலும் 26 பிட் வீகண்ட் முறை: முன்னும் பின்னும் ஒவ்வொரு பாரிட்டி பிட், நடுவில் 8 பிட் இடக்குறியீடு (188), 16 பிட் அட்டை எண் (24910).

புது ரீடர் 34 பிட் அனுப்பினால், 26 பிட்டுக்கு அமைத்த கண்ட்ரோலர் அதை ஏற்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. 12345678 என்பதை நான்கு பைட்டாக எழுதினால் 0, 188, 97, 78. சில ரீடர்கள் இதைத் தலைகீழாக 78, 97, 188, 0 என்று அனுப்பும். அப்போது எண் 1315027968 ஆகிவிடும். அப்படி ஓர் ஆளே பட்டியலில் இல்லை! அந்த மில்லிலும் இந்த வரிசைதான் மாறியிருந்தது என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் நாள் வந்த டெக்னீஷியன் ரீடரின் அமைப்பை மாற்றியதும் எல்லா அட்டையும் வேலை செய்தன. பத்து நிமிஷ வேலை. அதை மாட்டுவதற்கு முன்பே செய்திருந்தால் யாருக்கும் கூலி குறைந்திருக்காது.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இப்போது கையில் இருக்கும் அட்டை எது? வெவ்வேறு ஆண்டுகளில் கொடுத்த அட்டைகளில் சிலவற்றை வாங்கி, விற்பவரின் ரீடரில் காட்டச் சொல்லுங்கள். சத்தம் வந்தால் போதாது. வெளியே வரும் எண் பழைய பட்டியலில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

2. 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டையில் ரீடர் எதைப் படிக்கிறது? இது முக்கியமான கேள்வி. விலை குறைந்த ரீடர்கள் பல, அட்டையின் வரிசை எண்ணை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். வரிசை எண் ரகசியமே அல்ல. விலை உயர்ந்த டெஸ்ஃபயர் அட்டை வாங்கி, வரிசை எண்ணை மட்டும் படித்தால் காசுதான் தண்டம். கைபேசிகள் பல ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரிசை எண்ணைக் கொடுக்கும் என்பதால், இந்த ரீடரில் அவையும் வேலைக்கு ஆகாது.

3. ரகசியச் சாவி யார் கையில்? விற்றவரிடம் மட்டும் இருந்தால், நாளைக்கு அட்டையோ ரீடரோ அவரிடமே வாங்கியாக வேண்டும். கட்டடத்துக்கு உரியவரிடம் சாவி இருக்க வேண்டும்.

4. ரீடருக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே எந்த முறை? வீகண்ட் முறையில் ஒருவழிப் பேச்சுதான், ரகசியமும் இல்லை. ரீடரைக் கழற்றிக் கம்பியில் கை வைத்தால் எண்ணை எடுத்துவிடலாம். தூரமும் சுமார் 150 மீட்டர்தான். ஓ.எஸ்.டி.பி. என்ற முறை ஆர்.எஸ்.485 கம்பியில் இருவழியாகப் பேசும், சுமார் 1200 மீட்டர் வரை போகும், ஏ.இ.எஸ். பாதுகாப்பும் உண்டு. 2020-ல் இது ஐ.இ.சி. தரமாகவும் ஆனது. இரண்டு முறையும் உள்ள ரீடராக வாங்கினால், கண்ட்ரோலரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

5. மாட்டும் இடம் எப்படி? இரும்புத் தூணில் நேராக மாட்டினால் படிக்கும் தூரம் குறையும், இடையில் ஸ்பேசர் வையுங்கள். மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் பக்கத்தில் 125 கிலோஹெர்ட்ஸ் ரீடர் தடுமாறலாம். பஞ்சுத் தூசியும் மழைச் சாரலும் படும் இடத்துக்கு ஐ.பி.65 தரம் வேண்டும்.

6. மின்சாரம் போனால் அல்லது தீப்பிடித்தால்? காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும், போனால் விட்டுவிடும். வேறு சில பூட்டுகள் மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும். எந்தப் பூட்டாக இருந்தாலும், உள்ளே இருப்பவர் அட்டை இல்லாமல் வெளியே ஓடிவர வழி இருக்க வேண்டும். பஞ்சு கிடங்குள்ள இடத்தில் இதில் சமரசமே கூடாது.

7. பழைய வகையைத் தனியாக நிறுத்த முடியுமா?

ஏழாவது கேள்வி ஏன்?

எங்கள் ஊர் மாந்தோப்புகளுக்கு மலையிலிருந்து யானை இறங்கி வரும். தோப்புக்காரர் முன்பக்கம் எவ்வளவு பெரிய கேட் போட்டாலும், யானை கேட் வழியாகவா வருகிறது? ஓடைப் பக்கம் வேலி எங்கே சாய்ந்திருக்கிறதோ அங்கேதான் வரும்.

மல்டி டெக்னாலஜி ரீடரும் அப்படித்தான். புது அட்டைக்கு 128 பிட் பாதுகாப்பு இருக்கலாம். ஆனால் அதே ரீடர் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையையும் ஏற்றுக்கொண்டிருக்கும்வரை, திருடனுக்குப் பழைய அட்டையின் நகல் ஒன்று போதும். எல்லோருக்கும் புது அட்டை கொடுத்த பிறகு, பழைய வகையை ரீடரிலேயே நிறுத்திவிட வேண்டும், கண்ட்ரோலர் பட்டியலிலிருந்தும் பழைய எண்களை நீக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத ரீடர், எத்தனை வகை படித்தாலும் வேண்டாம். நிறுத்தும் தேதியை வாங்கும் அன்றே எழுதி வைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வருடக் கணக்கில் கிடக்கும்.

முடிவாக

நண்பர்களே! ஒரு கேட்டில் ரீடர் மாற்றப் போனால், முதலில் ஒரு கதவில் மட்டும் மாட்டி, மூன்று ஷிப்டு ஆட்களின் அட்டைகளையும் சோதித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக வரும்வரை பழைய ரீடரைப் பக்கத்திலேயே விட்டு வையுங்கள். அந்த நாட்களில் நோட்டில் எழுதும் பெயர்கள் சம்பளக் கணக்கில் ஏறுகின்றனவா என்று மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உன் வேலையா என்று யாராவது கேட்கலாம். நாம் மாட்டும் ரீடர் அனுப்பும் எண்ணை வைத்துத்தான் ஒருவர் வேலைக்கு வந்தார், வரவில்லை என்று எழுதுகிறார்கள். அதனால் அதுவும் நம் வேலைதான்.