முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

ஒரு வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் அதன் உடைமையாளருக்கு மட்டுமே தொல்லை. அதே வண்டி நிற்காமல் ஓடினால் சாலையில் செல்லும் அனைவருக்கும் ஆபத்து. பழைய வண்டியொன்றை வாங்கித் தம் கையாலேயே பழுதுபார்க்க முனைவோர் இந்த எளிய உண்மையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பெரிய டயர், பளபளக்கும் சக்கரம், கூடுதல் விளக்கு ஆகியவற்றில் மனம் செல்கிறது. வண்டியின் அடியில் துருவேறிக் கிடக்கும் ஒரு மெல்லிய குழாயின் மீது செல்வதில்லை. அந்தக் குழாயைப் பற்றியும், அதைச் சுற்றியுள்ள அறிவியலைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

முற்றத்தில் ஒரு பணிமனை

அமெரிக்காவில் 'முழு அளவு எஸ்.யு.வி.' என்று ஒருவகைப் பெரிய வண்டிகள் உண்டு. இவற்றுள் மூத்தது செவ்ரோலெட் சபர்பன். இப்பெயர் கொண்ட வண்டி 1935ஆம் ஆண்டு மாதிரியாக முதலில் விற்பனைக்கு வந்தது. இன்றும் அப்பெயரில் புதிய வண்டிகள் வருகின்றன. 1992 முதல் 1999 வரை வந்த சபர்பன் வண்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். பலவற்றில் 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின். ஆட்களும் சாமான்களும் ஏறினால் மொத்த எடை 2,500 கிலோகிராமை எட்டிவிடும்.

இத்தகைய வண்டிகளை அந்நாட்டில் பலர் வீட்டு முற்றத்திலேயே பழுதுபார்க்கின்றனர். இதற்குக் காரணங்கள் உண்டு. லாரியைப் போல இவற்றுக்கும் அடியில் தனியான உருக்குச் சட்டம் இருக்கிறது. அதன்மேல் உடற்கூடு பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் சரக்கு வண்டிகளுக்கும் இவற்றுக்கும் பல உறுப்புகள் பொதுவானவை. ஆகவே உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. படிப்படியாகப் படம் போட்டு விளக்கும் கைநூல்களும் உண்டு. கூலி அதிகமான நாட்டில், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய மிச்சம்.

ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது? இதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

ஒரு நிறுத்தத்தின் விலை

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், அதன் நிறையையும் திசைவேகத்தின் இருமடியையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும். 2,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்க. அதாவது நொடிக்குச் சுமார் 27.8 மீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 9,65,000 ஜூல் வரும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள மூன்று லிட்டருக்கும் அதிகமான நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்!

வண்டி நிற்கும்போது இவ்வாற்றல் எங்கே போகிறது? பிரேக் பேடுகள் சக்கரத்தோடு சுழலும் தட்டை இறுகப் பிடிக்கின்றன. உராய்வினால் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகித் தட்டுகளிலும் டிரம்களிலும் ஏறுகிறது. அடுப்பில் சில நிமிடங்கள் பிடிக்கும் வேலை, இங்கே சில நொடிகளில் முடிகிறது. வேகம் 70 கிலோமீட்டராக இருந்தால் இதில் ஏறத்தாழப் பாதி ஆற்றலே இருக்கும். வேகத்தின் இருமடி செய்யும் வேலை இது.

மிதியிலிருந்து சக்கரம் வரை

ஓட்டுநர் காலால் தரும் விசை சக்கரத்தை அடையும் வழிதான் பிரேக் ஆயில் நிரம்பிய குழாய். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பள்ளியில் நாம் படித்த பாஸ்கல் விதி. தலைமைச் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர், சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் பரப்பு 35 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் இரண்டிலும் ஒன்றே. எனவே சக்கரத்தருகே விசை ஏழு மடங்காகிறது. அதற்கு ஈடாக அங்குள்ள பிஸ்டன் ஏழில் ஒரு பங்கு தூரமே நகர்கிறது.

இவை அனைத்தும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: திரவம் அடைபட்டிருக்க வேண்டும். குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் அழுத்தம் நிற்காது. மிதி தரைவரை இறங்கிவிடும். 1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க வண்டிகளில் இரு தனித்தனிச் சுற்றுகள் அமைக்கப்படுகின்றன. ஆகவே ஒன்று உடைந்தாலும் மற்றொன்று வேலை செய்யும். எனினும் பாதி பிரேக்கில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் வெகுவாகக் கூடிவிடும். முன்னே ஒரு குழந்தை சாலையைக் கடந்தால் அந்தக் கூடுதல் தூரத்திற்கு என்ன பொருள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உப்பும் உருக்கும்

அமெரிக்காவின் வடமாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைகளில் பனி உறையும். உப்பைக் கலந்தால் நீரின் உறைநிலை தாழும், பனி இளகும். ஆகவே சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். வழுக்குதல் குறைகிறது, ஆனால் அந்த உப்புநீர் வண்டியின் அடிப்புறத்தில் தெறித்துப் படிகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இரும்பு துருப்பிடிக்கும் மின்வேதி வினை விரைவு பெறுகிறது. சட்டத்தை ஒட்டிப் பின்சக்கரம் வரை ஓடும் பிரேக் பைப், விரல் தடிப்புக்கூட இல்லாத உருக்குக் குழாய். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரை விட மெல்லியது. பற்றுக் கவ்விகளின் உள்ளே சேறும் உப்பும் தேங்கும் இடங்களில், கண்ணில் படாமலே அது அரிக்கப்படுகிறது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 1999 முதல் 2003 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெரிய வண்டிகளில் பிரேக் பைப் துருப்பிடித்து உடைவது குறித்து, அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2015 ஏப்ரலில் ஆய்வு முடிந்தது. வண்டிகளைத் திரும்பப் பெறும் ஆணை பிறக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல உப்பினால் நேரும் தேய்மானம் இது என்று நிர்வாகம் கருதியது. அடிப்புறத்தை நன்கு கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்று உடைமையாளர்களுக்கு அறிவுறுத்தியது. அதாவது, பொறுப்பு வண்டி வைத்திருப்பவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

தூக்குமுன் ஒரு சொல்

குழாயைப் பார்க்க வண்டிக்கு அடியில் செல்ல வேண்டும். ஜாக்கியும் பாஸ்கல் விதியால் இயங்கும் கருவியே என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதன் உள்ளே உள்ள ரப்பர் வளையம் ஒன்று பழுதானால் திரவம் கசிந்து வண்டி இறங்கிவிடும். ஆகவே ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கன்று. சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சட்டத்தின் கீழ் உருக்குத் தாங்கிகளை வைத்து அவற்றின்மேல் வண்டியை இறக்க வேண்டும். கையால் அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்று உறுதியான பின்பே கீழே செல்லலாம். செங்கல்லோ பொள்ளல் கல்லோ ஒருபோதும் தாங்கியாகாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

குழாயை மாற்றும் முறை

கம்பித் தூரிகையால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தாலும், ஈரம் கசிந்தாலும், குழாயை மாற்றியே ஆக வேண்டும். உடைந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவது வீண். அதே வயதுடைய மீதிக் குழாய் அடுத்து உடையும்.

செம்பும் சிறிதளவு நிக்கலும் கலந்த உலோகக் குழாய் இன்று பிரேக்குக்கென்றே கிடைக்கிறது. இது துருப்பிடிப்பதில்லை, கையால் வளைக்கலாம். தண்ணீர்க் குழாய்க்கான வெறும் செம்பைப் பயன்படுத்தக் கூடாது. அது அதிர்வில் இறுகி விரிசல் காணும். குழாயின் முனையை உள்நோக்கி மடித்து, இரட்டைச் சுவராக விரித்துப் பொருத்துவதே இவ்வண்டிகளுக்குரிய முறை. இதற்கெனத் தனிக் கருவி உண்டு. மீதமான துண்டுகளில் பத்து முறை பழகிய பிறகே உண்மையான குழாயில் கை வையுங்கள். வளையத்தை நெருக்கி இணைக்கும் சாதாரண இணைப்பிகளும், ரப்பர்க் குழாயைக் கவ்வியால் கட்டுவதும் இங்கு உதவா.

குழாயைத் திறந்தவுடன் உள்ளே காற்று புகுந்துவிடும். திரவத்தை நெருக்க முடியாது. காற்றை நெருக்க முடியும். எனவே காற்றுக் குமிழ் இருந்தால் காலின் விசை அதை நெருக்குவதிலேயே செலவாகி மிதி பஞ்சுபோல் அமுங்கும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள திருகைச் சற்றே தளர்த்திக் காற்றை வெளியேற்றி, திருகை இறுக்கிய பிறகே மிதியை விட வேண்டும். தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து அண்மையில் உள்ளதற்கு வருவது பொதுவான வரிசை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்புள்ள வண்டிகளுக்குத் தனி முறை இருக்கலாம். அந்தந்த வண்டியின் கைநூலைப் பார்ப்பது நன்று.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 'டாட் 3' வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரமேறிய நிலைக்கு அவ்வரம்பு 140 டிகிரிதான். நீண்ட மலையிறக்கத்தில் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். அதுவும் காற்றைப் போலவே நெருங்கும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது.

வேலை முடிந்ததும் எஞ்சினை இயக்காமல் மிதியை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அது கெட்டியாக நிற்க வேண்டும். எல்லா இணைப்புகளிலும் கசிவு இல்லை என்று கண்ட பின்னர், ஆளில்லாத வெளியில் மிகமெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஐயம் சிறிதளவு இருந்தாலும் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுவதில் வெட்கமில்லை.

பார்வை தெளிவாகட்டும்

நிறுத்தத்திற்கு அடுத்தது பார்வை. பழைய வண்டியில் முகப்பு விளக்கு மங்கினால் பலரும் அதிக வாட் விளக்கை வாங்குகின்றனர். கோளாறு விளக்கில் இல்லாமல் கம்பியில் இருக்கலாம். இரு விளக்குகளுக்கும் சேர்த்து 9 ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது என்க. நீண்ட கம்பி, தேய்ந்த சுவிட்சு, பச்சை பூத்த இணைப்பு ஆகியவற்றின் மொத்த மின்தடை 0.13 ஓம் என்றால், ஓம் விதிப்படி 1.2 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. இழை விளக்கில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். அதிக வாட் விளக்கைப் போட்டால் மின்னோட்டம் கூடி, இழப்பும் கூடி, சுவிட்சே உருகலாம். பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை ஃபியூசுடன் நேராகக் கொண்டுவந்து, ரிலே ஒன்றை இடையில் வைத்தால், பழைய சுவிட்சு அந்த ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டுமே தாங்கினால் போதும். மலிவான இம்மாற்றம் உண்மையில் மேம்பாடு என்னும் பெயருக்கு உரியது.

பெரிய டயரின் கணக்கு

இனி, பலரும் முதலில் செய்ய விரும்பும் மாற்றத்துக்கு வருவோம். 245/75 ஆர் 16 என்ற அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 285/75 ஆர் 16 டயரைப் போட்டால் விட்டம் சுமார் 834 மில்லிமீட்டராகும். சக்கரம் ஒரு சுற்றுக்குச் செல்லும் தூரம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுகிறது. வேகமானி அதை அறியாது. அது 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 108 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இயக்க ஆற்றலோ 16 சதவீதம் கூடியிருக்கும். அதுமட்டுமன்று, பெரிய சக்கரம் நீண்ட நெம்புகோலைப் போன்றது. அதே அளவு நிறுத்தும் விசையைச் சாலையில் பெற, பிரேக் 8 சதவீதம் கூடுதலாக முறுக்க வேண்டும். ஆக, ஓட்டுநர் அறியாமலே வேகம் கூட்டப்படுகிறது; பிரேக்கோ பழையதாகவே இருக்கிறது. துருவேறிய குழாயுள்ள வண்டிக்கு இத்தகைய டயரைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பெரிய டயர் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. ஒன்றை மாற்றினால் அதனோடு தொடர்புள்ள அனைத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே கருத்து. வண்டி என்பது உதிரிப் பாகங்களின் குவியலன்று. ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் ஓர் அமைப்பு.

பழைய வண்டியைப் பழுதுபார்ப்பதில் பணம் மிச்சமாகிறது, கைத்திறன் வளர்கிறது, பாடநூலில் படித்த விதிகள் உயிர்பெற்றுக் கண்முன் நிற்கின்றன. ஆனால் வரிசை தவறக்கூடாது. முதலில் நிற்கும் திறன், அடுத்துக் காணும் திறன், அதன் பின்னரே ஓடும் திறனும் ஒப்பனையும். அடிப்புறத்தில் ஓடும் அந்த மெல்லிய குழாயை யாரும் பார்த்துப் பாராட்டப் போவதில்லை. ஆயினும் வண்டியில் செல்வோரின் உயிரும், எதிரே வருவோரின் உயிரும் அதனுள் அடைபட்ட சிறிதளவு திரவத்தை நம்பியே இருக்கின்றன.