கோகுல்தாமில் ஓர் அய்யர் வீடு

மும்பை கோரேகாவ் ஃபிலிம் சிட்டிக்குள் யாரும் குடியிராத ஒரு குடியிருப்பு நிற்கிறது. வளாகத்தில் மேடை, கரும்பலகையில் தினமும் ஒரு பொன்மொழி, வாசலுக்கு வெளியே ஒரு கடை. பெயர் கோகுல்தாம் சொசைட்டி. 2008 ஜூலை 28 முதல் 'தாரக் மேத்தா கா உல்ட்டா சஷ்மா' என்ற இந்தி நகைச்சுவைத் தொடர் அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறது. 4,000 அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' முப்பத்தைந்து ஆண்டு ஓடி முடித்தபோதும் 800-ஐத் தொட்டிருக்கவில்லை. அது வாரத் தொடர், இது அன்றாடம் வருவது என்பதுதான் காரணம். ஆனாலும் பதினைந்து ஆண்டுக்கு மேலாக ஒரே ஜனங்களை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருப்பது லேசான காரியம் அல்ல.

இந்தத் தொடரின் ரசிகர்கள் பெரும்பாலும் இரண்டே விஷயங்களுக்குத்தான் சண்டை போடுவார்கள். நாயகனின் மனைவி தயா எப்போது திரும்பி வருவாள் என்பது ஒன்று. பழைய அத்தியாயங்களின் சுவை எங்கே போனது என்பது மற்றொன்று. மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர் வீடுகளில் மட்டும் மூன்றாவதாக ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதன் பெயர் கிருஷ்ணன் அய்யர்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். தாரக் மேத்தா என்ற குஜராத்தி எழுத்தாளர் 'சித்ரலேகா' வார இதழில் 1971-இல் ஒரு நகைச்சுவைப் பத்தி எழுதத் தொடங்கினார். அதிலிருந்துதான் தயாரிப்பாளர் அசித் குமார் மோடி இந்தத் தொடரை எடுத்தார். நாயகன் ஜேத்தாலால் கடா, எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் குஜராத்தி. திலீப் ஜோஷி நடிக்கிறார். சொசைட்டியின் செக்ரட்டரி பிடே, மராட்டி டியூஷன் வாத்தியார், காசில் கெட்டி. சோடி சர்தார், முன்கோபி. போபட்லால் கல்யாணமாகாத பத்திரிகைக்காரர், குடையில்லாமல் வெளியே வரமாட்டார். அய்யர் தமிழர், விஞ்ஞானி, கறுப்பு. எதற்கெடுத்தாலும் 'அய்யய்யோ'. மனைவி பபிதா வங்காளி, அழகி. பபிதாவைக் கண்டால் ஜேத்தாலாலுக்குத் தலைகால் புரியாது, அய்யரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனை வருஷமாக ஒரே சிரிப்பு இந்தச் சட்டியில்தான் தாளிக்கப்படுகிறது. 'இவனுக்குப் போய் இவளா!' வசனமாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதுதான் பொருள்.

இதில் தமிழ் ரசிகர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. அய்யரைத் தாங்கிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றியவர்கள். அவர்கள் வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ரவுடியாகக் காட்டவில்லை, கோமாளியாகவும் காட்டவில்லை, விஞ்ஞானியாகத்தானே காட்டுகிறார்கள் என்பார்கள். அந்தப் பக்கத்தில் அது வெறும் கற்பனையும் அல்ல. செம்பூரை அடுத்த டிராம்பேயில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பி.கே. அய்யங்கார், ஆர். சிதம்பரம் இருவரும் அந்த மையத்துக்கு இயக்குநராக இருந்து அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஆனவர்கள். செம்பூர்க்காரர்களுக்கு எதிர் வீட்டில் ஒரு விஞ்ஞானி இருப்பது ஆச்சரியமே இல்லை.

அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவிய பிறகு, நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு டிரஸ்ட் வடக்கே புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. தாதர், மாட்டுங்கா, சயான் எல்லாம் அப்படி உருவானவை. டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்து ரயிலேறிய தென்னிந்தியர்கள் மாட்டுங்காவில் தங்கினார்கள். கோயில் வந்தது, மெஸ் வந்தது, 1932-இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி வந்தது. குமாஸ்தா வேலைகளில் இப்படி நிறைந்ததே பின்னால் வினையானது. 1966 ஜூனில் பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கியபோது முதல் குறி தென்னிந்தியர்கள். அவருடைய 'மார்மிக்' இதழ் கம்பெனி அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சடித்தது. லுங்கி கட்டியவனை விரட்டு என்ற கோஷம் தெருவில் கேட்டது. உடுப்பி ஓட்டல்கள் கல்லடி பட்டன. அதைப் பார்த்த தலைமுறைக்கு, ஒரு மராட்டி வாத்தியார் செக்ரட்டரியாக இருக்கும் சொசைட்டியில் அய்யர் ஒரு ஃபிளாட் வாங்கி, கணபதி விழாவில் முன்வரிசையில் நின்று, கூட்டத்தில் குரலுயர்த்திச் சண்டை போடுகிறார் என்பதே பெரிய விஷயம். உச்சரிப்பைக் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், கல்லெறியவில்லையே என்ற கணக்கு.

அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை. அவர்களுடைய முதல் குற்றச்சாட்டு நிறத்தைப் பற்றியது, அதற்கு மேலே நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதுதான் சுவாரசியம். மும்பையில் பிறந்து வளர்ந்த எந்தத் தமிழன் இப்படி இந்தி பேசுகிறான் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செம்பூர்ப் பையன் பேசும் பம்பையா இந்தியில் யாராலும் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. அவன் தடுக்கி விழுவது தமிழில்தான். பாட்டியிடம் பேசும்போது பாதி வாக்கியம் இந்தியில் போய் முடியும். உண்மையான நகைச்சுவை அங்கே கொட்டிக் கிடக்கிறது. தொடரின் எழுத்தாளர்கள் யாரும் அந்தப் பக்கம் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அய்யராக நடிக்கும் தனுஜ் மகாசப்தே தமிழர் அல்லர், மத்தியப் பிரதேசத்துக்காரர். தொடரின் எழுத்துக் குழுவில் இருந்தவர், பிறகு நடிக்க வந்தார். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. எரிச்சலும் அசட்டுத்தனமும் கலந்த அந்த முகபாவத்தை நன்றாகவே செய்கிறார். ஆனால் பிடேயாக வரும் மந்தார் சந்த்வாட்கர் மராட்டியர், பபிதாவாக வரும் முன்முன் தத்தா வங்காளி, ஜேத்தாலாலாக வரும் ஜோஷி குஜராத்தி. அவர்கள் தங்கள் சாதிசனத்தை உள்ளிருந்து கேலி செய்கிறார்கள். அய்யரின் கேலி மட்டும் வெளியிலிருந்து வருகிறது. எல்லாரையும்தானே கிண்டல் செய்கிறார்கள் என்ற பதில் இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டுகிறது.

அமெரிக்காவில் இதே வழக்கு நடந்து ஒரு தீர்ப்பும் வந்தது. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் அபு என்ற இந்தியக் கடைக்காரருக்கு ஹேங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர் குரல் கொடுத்தார். பள்ளியில் அந்த உச்சரிப்பைச் சொல்லிச் சொல்லியே கேலிக்கு ஆளான இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். அவர்களில் ஒருவரான ஹரி கொண்டபோலு 2017-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2020 ஜனவரியில் அசாரியா விலகினார். 'தி பிக் பேங் தியரி'யில் (2007–2019) ராஜேஷ் கூத்தரப்பாளி என்றொரு பாத்திரம், புதுடில்லிப் பையன். அந்தக் குடும்பப் பெயரோடு டில்லியில் எப்படிப் பிறந்தான் என்று நம் ரசிகர்கள் கேட்டுக் கேட்டு அலுத்தே போனார்கள்.

அய்யருக்காக அப்படி ஓர் இயக்கம் ஏன் எழவில்லை? சகிப்புத்தன்மை என்று பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அங்கே அபுவைத் தவிர இந்திய முகமே திரையில் இல்லாத காலம் இருந்தது. இங்கே நமக்குச் சொந்தத் திரை இருக்கிறது. கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் ரஜினி படத்துக்கு வரிசையில் நின்றவனுக்கு, இந்திக்காரன் தன்னை எப்படிக் காட்டினால் என்ன?

தமிழும் இழுக்கப்பட்ட இன்னொரு சர்ச்சையில் இந்தத் தொடர் அகப்பட்டது 2020 மார்ச்சில். ஜேத்தாலாலின் அப்பா பாத்திரம், மும்பையின் பொதுமொழி இந்தி என்று சொன்னது. கோகுல்தாம் சென்னையில் இருந்தால் பலகையில் தமிழில் எழுதுவோம், இது மும்பை, அதனால் இந்தி என்பது வாதம். மராட்டிக்காகக் கொடி பிடிக்கும் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனைக் கட்சி கொதித்தது, தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். சென்னைக்குத் தமிழ் என்றால் மும்பைக்கு மராட்டிதானே வரவேண்டும்! அந்தப் பெரியவர் தன் வாதத்தாலேயே தோற்றுப்போனதை உடனே பிடித்துக்கொண்டவர்களில் மும்பைத் தமிழரும் உண்டு. அய்யரின் சொசைட்டியிலேயே கிளம்பிய இந்த வாக்குவாதத்தில் அய்யருக்கு ஒரு கருத்தும் இல்லாமல் போனது வேடிக்கைதான்.

இதுவரை பேசியதெல்லாம் மாட்டுங்கா, செம்பூர் வழக்கு. தாராவி ரசிகனின் வழக்கு வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வம்சம் அது. பெரும்பாலோர் தலித்துகள், நாடார்கள், முஸ்லிம்கள். 90 அடி சாலையில் பொங்கல் வைப்பவர்கள், விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு நகரம் முழுக்கக் கிளம்பிப் போகிறவர்கள். மும்பைத் தமிழர் என்றால் எண்ணிக்கையில் இவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. இந்தித் திரை அவர்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. தமிழன் என்றால் அதற்கு அய்யர்தான். 'படோசன்' (1968) படத்தில் மெஹ்மூத் குடுமி வைத்த பாட்டு வாத்தியார். 'அக்னிபத்' (1990) படத்தில் மிதுன் சக்கரவர்த்தி இளநீர் விற்கிறார், தாராவியில் பார்க்கக்கூடிய தொழில். பெயரோ கிருஷ்ணன் அய்யர், எம்.ஏ.! அந்தப் பாத்திரத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. பதினெட்டு ஆண்டு கழித்து கோகுல்தாமில் குடிவந்தவருக்கும் அதே பெயர்.

ஆகவே தாராவியில் இந்தத் தொடரைப் பார்க்கிறவனுக்கு அய்யரின் உச்சரிப்பு ஒரு பிரச்சினையே அல்ல. அய்யர் அவனுடைய ஆள் இல்லை, அவ்வளவுதான். அவன் பார்ப்பது ஜேத்தாலாலுக்காக. கடையில் வியாபாரம் படுக்கும்போது ஜேத்தாலால் போடும் கூப்பாடு அவனுக்கு நன்றாகவே புரியும். தமிழ்ப் படங்கள் அவனைக் காட்டின: 1987-இல் 'நாயகன்', 2018-இல் 'காலா'. இரண்டிலும் அவன் தலைவன், இரண்டிலும் துப்பாக்கிச் சத்தம். தண்ணீர் வரவில்லை என்று பக்கத்து வீட்டோடு சண்டை போட்டு மறுநாள் அதே வீட்டில் காபி குடிக்கும் தாராவிக் குடும்பத்தை வைத்து இருபது நிமிட நகைச்சுவை எழுத இரண்டு மொழியிலும் யாருக்கும் தோன்றவில்லை. என் கண்ணில் அய்யரின் கறுப்பைவிடப் பெரிய குறை இதுதான்.

தயாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரசிகர்கள் என்னை விடமாட்டார்கள். தயாவாக நடித்த திஷா வகானி 2017-இல் பிரசவ விடுப்பில் போனவர் திரும்பவில்லை. ஜேத்தாலாலின் மகன் டப்புவின் பாத்திரத்துக்கும் ஆள் மாறினார், தொடருக்குள்ளும் வரும் தாரக் மேத்தா பாத்திரத்தில் நடித்த ஷைலேஷ் லோதா 2022-இல் விலகினார். டாக்டர் ஹாத்தியாக நடித்த கவி குமார் ஆசாதும் ஜேத்தாலாலின் கடை ஊழியர் நட்டு காக்காவாக நடித்த கன்ஷ்யாம் நாயக்கும் காலமானார்கள். பழைய அத்தியாயங்களில் வம்பு வீட்டுக்குள்ளிருந்து கிளம்பும், இப்போது வெளியூர் மோசடிக்காரன் ஒருவன் வந்து கிளப்புகிறான் என்பது பொதுவான குறை. நானும் ஒப்புக்கொள்கிறேன். மறுஒளிபரப்பைப் பார்த்தால் தொடர் ஏன் பிடித்தது என்று தெரியும், புதிய அத்தியாயத்தைப் பார்த்தால் பழக்கம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

கேலியில்லாமல் இதே ஊரை எழுத முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1988-இல் தூர்தர்ஷனில் 'வாக்ளே கி துனியா' வந்தது. மராட்டிக் குமாஸ்தா ஒருவரின் அன்றாட அவதிகள். அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் நடித்தார், குந்தன் ஷா இயக்கினார். மராட்டியர்கள் அதைத் தங்கள் வீட்டுக் கதையாகவே கொண்டாடினார்கள். அந்தப் பாத்திரங்களைப் படைத்தவர் ஆர்.கே. லட்சுமண், மைசூரில் பிறந்த தமிழர். பம்பாய் ரயிலையும் கியூவையும் ரேஷன் கடையையும் நாற்பது வருஷமாக உட்கார்ந்து பார்த்தவர். 2021-இல் அந்தத் தொடரின் புதிய வடிவம், அய்யர் குடியிருக்கும் அதே சேனலில் வந்தது.