பொழியூரும் எல்லைக்கோடும்

ஆங்கிலேயர் தம் நகரங்களை அடுத்த சிற்றூர்கள் பலவற்றுக்கும் வரலாறு எழுதி வைத்திருக்கின்றனர். மாதா கோயில் எழுந்த காலம், கால்வாய் வெட்டிய காலம், நகரம் நெருங்கி வந்த விதம் ஆகியவற்றை அவற்றிலே காணலாம். நம் சிற்றூர்களுக்கும் வரலாறு உண்டு; எழுதுவார்தாம் குறைவு. பிழைப்பு நாடித் தமிழகத்தினின்று வந்து பாறசாலையருகே குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். ஆகவே, அணித்தே உள்ள பொழியூரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையின் தென்கோடி பொழியூர். அதனைத் தாண்டினால் நீரோடி. அது குமரி மாவட்டம். அகத்திய மலையில் தோன்றும் நெய்யாறு அருகிலுள்ள பூவாற்றில் கடலோடு கலக்கிறது. அலை குவிக்கும் மணல்திட்டு ஆற்றின் வாயை அடைப்பதும், வெள்ளம் அதனை உடைப்பதும் உண்டு. அவ்வாயிலை இப்பகுதியார் பொழி என்பர். ஊர்ப் பெயரிலும் அச்சொல்லே நிற்கிறது.

1544-ஆம் ஆண்டின் இறுதியில் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரைச் சிற்றூர்களில் நடந்து மீனவருக்குத் திருமுழுக்கு அளித்தார். இன்றும் இக்கரையில் கத்தோலிக்க மீனவரே மிகுதி. 1860-இல் திருவனந்தபுரத்தையும் குமரியையும் நீர்வழியால் இணைக்க எண்ணி, அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை வெட்டத் தொடங்கினர். பூவாற்றிலிருந்து இவ்வூர் வழியே தெற்கு நோக்கிச் சென்ற அக்கால்வாய் குமரியை எட்டவேயில்லை. வெட்டிய பகுதியும் இன்று பெரும்பாலும் தூர்ந்து கிடக்கிறது.

பின்னர் வந்தது எல்லைக்கோடு. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோட்டுக்கு அப்பால் ஒரு பள்ளி மொழி, இப்பால் வேறொன்று. ஆயினும் பொழியூர் மீனவர் பேச்சில் இரண்டும் கலந்தே ஒலிக்கும். சந்தோஷ் கோப்பைக்குக் கால்பந்தாட்டக்காரர் பலரைத் தந்த ஊர் என்ற பெருமையும் இவ்வூருக்கு உண்டு.

மனிதர் கிழித்த கோட்டைக் கடல் அறியுமா? 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஓகிப் புயலில் இரு மாவட்ட மீனவரும் மாண்டனர். மணலும் அப்படியே. அலைகள் கரையைச் சாய்வாக மோதுங்கால், மணல் கரையோரமாகவே நகர்ந்து செல்கிறது. கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் நீட்டினால், மணல் வந்து சேரும் பக்கத்தில் கரை வளரும். மறு பக்கத்துக்கு வரவு குன்றி, கரை அரிபடும். ஒருவர் வயலுக்குப் பாயும் நீரை மற்றொருவர் வரப்பிட்டு மறிப்பது போன்றதே இது. நீரோடிப் பக்கத்தில் எழுந்த கற்சுவர்களே தம் கரையைத் தின்றன எனப் பொழியூரார் முறையிடுகின்றனர். வீடுகள் இடிந்தன. வள்ளம் ஏற்றவும் கரமடி இழுக்கவும் மணல் வேண்டுமே! கரை போனால் தொழிலும் போயிற்று.

ஒரு புறத்தாரைக் காக்க எழுப்பிய சுவர் மறுபுறத்தாரை வருத்தலாகாது. இரு அரசுகளும் இதனை ஒரே கரையாகக் கருதி, பருவந்தோறும் மணலின் போக்கை ஒன்றாக அளந்த பின்னரே கல்லைக் கொட்ட வேண்டும். அளக்கும் கல்வியை நாம் பயில்கிறோம். இரு மொழியும் அறிந்த நமக்கன்றி அப்பணி வேறு யாருக்கு எளிது? நண்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.