முயல் குட்டிகளைக் காக்கும் நான்கு வாரங்கள்

குறைந்த இடத்திலும் மிதமான முதலீட்டிலும் தொடங்கத்தக்க தொழில் முயல் வளர்ப்பு. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே ஆதலால் குட்டிகள் விரைவில் பெருகும். ஆயினும், விற்பனை வயதை எட்டும் குட்டிகளின் எண்ணிக்கையே கடன் தவணையைத் தீர்மானிக்கிறது. அதனைக் குறைப்பவற்றுள் முதன்மையானது பாக்டீரியாக்களால் வரும் குடல் நோய்.

பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில், தாய்ப்பாலிலிருந்து உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் கிருமிகளைத் தடுக்கின்றன. வளர்ந்த முயலுக்கு இரைப்பையின் கடும் அமிலமே காவல். 4 முதல் 8 வார வயதில் முதற்காவல் நீங்கிவிடுகிறது. அடுத்த காவல் இன்னும் முழுமை பெறுவதில்லை. நோய் பெரும்பாலும் இக்காலத்திலேயே தாக்குகிறது.

கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மே என்னும் பாக்டீரியா குடலில் கொடிய நச்சைச் சுரக்கிறது. மாலையில் நன்கு தீனி தின்ற குட்டி மறுநாள் காலை இறந்து கிடக்கக்கூடும். இ-கோலியின் சில வகைகள் குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு நீர்த்த கழிச்சலை உண்டாக்குகின்றன. டைசர் நோய்க்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பிலிஃபார்மே குடலோடு கல்லீரலையும் இதயத்தையும் தாக்குகிறது. அதன் வித்துகள் அசுத்தமான கூண்டுகளில் நெடுநாள் உயிருடன் இருக்கும்.

கழிச்சலைக் கண்டதும் மருந்துக்கடையை நாடுவது ஆபத்தானது. ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லிங்கோமைசின், கிளிண்டாமைசின் போன்ற மருந்துகளை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழியும். நச்சுக் கிருமி தழைக்கும். பாக்டீரியா அல்லாத காக்சிடியா ஒட்டுண்ணியும் இதே அறிகுறியைக் காட்டும். ஆகவே, சாணப் பரிசோதனையும், இறந்த குட்டியின் பிரேதப் பரிசோதனையும் செய்து, கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படியே மருந்தளிக்க வேண்டும்.

தடுப்பு முறைகள் எளியவை. மாவுச்சத்து மிகுந்த தானியத் தீவனத்தைக் குட்டிகளுக்கு அளவின்றி இடலாகாது. மிகுதியான மாவுச்சத்து குடலில் நச்சுக் கிருமிக்கு உணவாகிவிடும். நார்ச்சத்து மிகுந்த உலர்புல் எப்பொழுதும் கிடைக்க வேண்டும். புதிய தீவனத்தைப் பழைய தீவனத்துடன் கலந்து, ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றுவது நன்று. தாயிடமிருந்து பிரிக்கும் நாளிலேயே தீவனத்தையும் மாற்றுதல் கூடாது. கூண்டில் நெரிசலின்றி இடமும், தூய நீரும், அன்றாடத் துப்புரவும் இன்றியமையாதவை.

பிறந்தவை, பிரிக்கப்பட்டவை, இறந்தவை, விற்றவை என நான்கு கணக்குகளைப் பதிவேட்டில் எழுதி வாருங்கள். இறப்பு கூடினால் மருத்துவரை உடனே அழையுங்கள். தவணை தவறுமுன் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள்.