நிறுவியும் காணவில்லையா? மின்னஞ்சல் காப்புச் செருகுநிரலைக் கண்டறியும் முறை

சில மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் மடிக்கணினியுடன் எங்கள் கிளைக்கு வந்தார். வீடு விற்ற வகையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்காகச் சில ஆவணங்களைத் தம் பட்டயக் கணக்காளருக்கு அவர் அனுப்ப வேண்டியிருந்தது. பான் அட்டை, விற்பனைப் பத்திரம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், மறையாக்கம் செய்து அனுப்புங்கள் என்று கணக்காளர் அறிவுறுத்தியிருந்தார். வாடிக்கையாளரும் அதற்குரிய செருகுநிரலைத் தம் கணினியில் நிறுவினார். நிறுவப்பட்டது என்ற செய்தியும் திரையில் தோன்றியது. ஆயினும் மின்னஞ்சல் பக்கத்தில் புதிய பொத்தான் எதுவும் தென்படவில்லை.

இருமுறை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்த்தார், பயனில்லை. இணையத்தில் தேடியபோது உதவி எண் என்ற பெயரில் ஒரு கைபேசி எண் கிடைத்தது. மறுமுனையில் பேசியவர், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் செயலி ஒன்றைத் தரவிறக்கச் சொல்லி, அதில் தோன்றும் எண்ணைப் படித்துக் காட்டுமாறு கேட்டார். அந்த இடத்தில் வாடிக்கையாளருக்கு ஐயம் எழுந்தது. தொடர்பைத் துண்டித்துவிட்டு நேரே கிளைக்கு வந்துவிட்டார்.

அவருடைய கணினியில் பழுது எதுவும் இல்லை. உலாவியின் மூலையில் உள்ள ஒரு சிறு பட்டியலுக்குள் அந்தப் பொத்தான் மறைந்திருந்தது. அதை வெளியே எடுத்து வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிட வேலை தெரியாமல் அவர் தம் ஆயுட்காலச் சேமிப்பை இழக்கும் நிலைக்கு அருகில் சென்றிருந்தார். இத்தகைய நிலை வேறு வாடிக்கையாளர்களுக்கும் ஏற்படக்கூடும் என்பதால், செருகுநிரல் தோன்றாதபோது எவற்றை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கு விளக்குகிறேன்.

செருகுநிரல் செய்யும் பணி

நம் கிளைகளின் வாயிலில் காசோலை இடும் பெட்டி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் துளை வழியே எவரும் காசோலையை உள்ளே போடலாம். திறந்து எடுக்கும் சாவி கிளையிடம் மட்டுமே உண்டு. மின்னஞ்சல் மறையாக்கமும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு திறவுகோல்கள் உள்ளன. பொதுத் திறவுகோலை எவருக்கும் கொடுக்கலாம். அதைக் கொண்டு உங்களுக்கு வரும் மடலைப் பூட்ட மட்டுமே முடியும். பூட்டிய மடலைத் திறக்கும் தனித் திறவுகோல் உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும். ஃபில் ஜிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.ஜி.பி. என்னும் மென்பொருள் இம்முறையைப் பொதுமக்களின் மின்னஞ்சலுக்குக் கொண்டுவந்தது. பின்னர் அதனையொட்டி ஓப்பன் பி.ஜி.பி. என்னும் பொதுத் தரம் உருவாயிற்று.

பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகளில் இந்த வசதி இயல்பாக அமைந்திருப்பதில்லை. ஆகவே உலாவியிலோ மின்னஞ்சல் மென்பொருளிலோ கூடுதலாக ஒரு சிறு நிரலைப் பொருத்துகிறோம். அதையே செருகுநிரல் என்கிறோம்; எக்ஸ்டென்ஷன், ஆட்-ஆன், ஆட்-இன் என்று இடத்திற்கேற்பப் பெயர் மாறும். செருகுநிரல் தனியாக இயங்காது. தன்னை ஏற்கும் மென்பொருள் இடமும் அனுமதியும் தந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். எனவே அது தெரியாதபோது நான்கு கேள்விகளை எழுப்ப வேண்டும். மறைந்திருக்கிறதா? வேறு இடத்தில் நிறுவப்பட்டுள்ளதா? பதிப்பு பொருந்தவில்லையா? அனுமதி மறுக்கப்பட்டுள்ளதா?

முதலாவது: மறைந்திருக்கிறதா?

குரோம் உலாவியில் புதிதாக நிறுவும் செருகுநிரலின் பொத்தான் பொதுவாக வெளியே தெரிவதில்லை. முகவரிப் பட்டையின் வலப்புறத்தில் புதிர் விளையாட்டின் துண்டு போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் நிறுவப்பட்ட செருகுநிரல்கள் அனைத்தும் பட்டியலாகத் தோன்றும். வேண்டியதன் பெயருக்கு அருகில் உள்ள குண்டூசிச் சின்னத்தை அழுத்தினால் பொத்தான் நிலையாக வெளியே வந்து நிற்கும். எட்ஜ் உலாவியிலும் இத்தகைய பட்டியல் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 2023 ஜனவரியில் வெளியான 109-ஆம் பதிப்பு முதல் இதே போன்ற சின்னம் இடம்பெற்றுள்ளது.

கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளில் மேற்பகுதிப் பட்டியல் வரிசையே மறைந்திருப்பதுண்டு. விண்டோஸ் கணினியில் ‘ஆல்ட்’ விசையை ஒருமுறை அழுத்தினால் அது வெளிப்படும்.

பட்டியலில் பெயர் இருந்து, மின்னஞ்சல் பக்கத்தில் மட்டும் மாற்றம் தெரியவில்லை எனில், முதலில் அப்பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். நிறுவுவதற்கு முன்பே திறந்திருந்த பக்கத்தில் செருகுநிரல் பெரும்பாலும் செயல்படத் தொடங்காது. அதன் பின்னும் தெரியாவிட்டால் உலாவியின் எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு மீண்டும் திறக்க வேண்டும்.

இரண்டாவது: வேறு இடத்தில் நிறுவப்பட்டுள்ளதா?

ஒரே கணினியில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இருக்கலாம். ஒன்றில் நிறுவியது மற்றொன்றில் தோன்றாது. ஒரே குரோமில் தந்தைக்கும் மகளுக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகள் இருந்தால், மகளின் கணக்கில் நிறுவியது தந்தையின் கணக்கில் வராது. மறைநிலைச் சாளரத்தில், நீங்கள் தனியாக அனுமதித்தாலன்றிச் செருகுநிரல்கள் இயங்குவதில்லை. கைபேசியில் உள்ள குரோம் உலாவி செருகுநிரல்களை ஏற்பதில்லை. ஆகவே கணினியில் நிறுவிவிட்டுக் கைபேசியில் தேடுவதால் பயனில்லை. மெயில்வெலோப் போன்ற செருகுநிரல்கள் உலாவிக்குள் திறக்கப்படும் மின்னஞ்சல் பக்கத்தில் இயங்குபவை. கைபேசியின் மின்னஞ்சல் செயலியில் அவற்றைக் காண இயலாது.

மூன்றாவது: பதிப்பு பொருந்துகிறதா?

பழைய வழிகாட்டிக் குறிப்புகளைப் பின்பற்றுவோர் இங்கு இடறுகின்றனர். தண்டர்பேர்டு பயன்படுத்தியோர் பல ஆண்டுகளாக எனிக்மெயில் என்னும் செருகுநிரலை நிறுவி வந்தனர். 2020-இல் வெளியான தண்டர்பேர்டு 78-ஆம் பதிப்பு பழைய வகைச் செருகுநிரல்களை ஏற்பதை நிறுத்தியது. அதற்கு மாற்றாக ஓப்பன் பி.ஜி.பி. வசதியைத் தனக்குள்ளேயே அமைத்துக்கொண்டது. இப்போது எனிக்மெயிலை எவ்வளவு தேடினாலும் அது அங்கே தோன்றாது. அது தேவையும் இல்லை. ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்’ என்ற தலைப்பின் கீழ் உங்கள் திறவுகோலை உருவாக்கலாம். ஏற்கெனவே உள்ளதையும் இறக்குமதி செய்யலாம்.

அவுட்லுக் மென்பொருளிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. விண்டோஸ் கணினிகளில் இப்போது பழைய அவுட்லுக், புதிய அவுட்லுக் என இரண்டு உள்ளன. ‘காம் ஆட்-இன்’ எனப்படும் பழைய வகைச் செருகுநிரல்களைப் புதிய அவுட்லுக் ஏற்பதில்லை. ஜி.பி.ஜி.ஃபார்வின் தொகுப்புடன் வரும் ஜி.பி.ஜி.ஓ.எல். என்ற செருகுநிரல் இவ்வகையைச் சேர்ந்தது. அத்தகையதை நீங்கள் நிறுவியிருந்தால் பழைய அவுட்லுக்கிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும்.

நான்காவது: அனுமதி மறுக்கப்பட்டுள்ளதா?

உலாவியின் செருகுநிரல் பக்கத்தில் ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் இயக்கு பொத்தான் உள்ளது; அது அணைந்திருக்கலாம். எந்தெந்த இணையதளங்களில் செருகுநிரல் செயல்படலாம் என்பதையும் குரோமில் வரையறுக்க முடியும். ‘அழுத்தும்போது மட்டும்’ என்ற நிலையில் இருந்தால், நீங்கள் பொத்தானை அழுத்தும் வரை அது பக்கத்தில் தலைகாட்டாது. இந்த அனுமதியை உங்கள் மின்னஞ்சல் தளத்திற்கு மட்டும் வழங்குவது போதுமானது. மெயில்வெலோப்பில் அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியல் தனியாகவும் உண்டு. பலரும் பயன்படுத்தும் மின்னஞ்சல் சேவைகள் அதில் முன்னரே இடம்பெற்றுள்ளன. உங்கள் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் தளம் எனில் அதை நீங்களே சேர்க்க வேண்டும்.

பழைய அவுட்லுக், தன்னைத் தாமதப்படுத்தும் செருகுநிரல்களையும் இடையில் செயலிழக்கச் செய்யும் செருகுநிரல்களையும் தானாகவே முடக்கிவிடும். ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஆட்-இன்ஸ்’ என்ற வரிசையில் சென்றால், முடக்கப்பட்டவற்றின் பட்டியலைக் கண்டு மீண்டும் இயக்கலாம். அலுவலகக் கணினி எனில், நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவே செருகுநிரல்களைத் தடுத்து வைத்திருக்கக்கூடும். அதை மீற முயலாமல் அப்பிரிவினரை அணுகுவதே முறை.

நீக்கி நிறுவுவதற்கு முன்

ஒன்று செயல்படவில்லை என்றவுடன் அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது நம்மில் பலருக்கு வழக்கம். மறையாக்கச் செருகுநிரலில் அவ்வழக்கம் பெரும் இழப்பைத் தரலாம். மெயில்வெலோப் போன்றவை உங்கள் தனித் திறவுகோலைப் பொதுவாக உலாவிக்குள்ளேயே சேமிக்கின்றன. செருகுநிரலை நீக்கினால் திறவுகோலும் அழிந்துவிடும். பெட்டகச் சாவியை நீங்கள் தொலைத்துவிட்டால், உரிய நடைமுறைப்படி செலவை ஏற்றுக்கொண்டு பெட்டகத்தை உடைத்துத் திறக்க வங்கியில் வழியுண்டு. தனித் திறவுகோல் தொலைந்தால் அதைக் கொண்டு பூட்டப்பட்ட பழைய மடல்களை எவராலும் திறக்க இயலாது.

ஆகவே திறவுகோலை உருவாக்கிய அன்றே அதைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் படியெடுத்து, வீட்டில் பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். அதற்குரிய கடவுச்சொல்லை அதே இடத்தில் எழுதி வைக்க வேண்டாம்.

உதவி தேடும்போது

செருகுநிரல் தோன்றாத நேரத்தில் மனம் சலிப்படைகிறது. யாரேனும் சரிசெய்து தந்தால் போதும் என்று தோன்றுகிறது. மோசடி செய்வோர் அத்தருணத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றனர். தேடுபொறியில் கிடைக்கும் உதவி எண்களை நம்ப வேண்டாம். முன்பின் அறியாத ஒருவர் உங்கள் கணினித் திரையைக் காணவோ இயக்கவோ இடம் தராதீர்கள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் நீங்கள் இணைய வங்கிச் சேவையைத் திறந்தால், அங்கு உள்ளவை யாவும் அவருக்கும் தெரியும்.

செருகுநிரலை உலாவியின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்தோ அதை உருவாக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் பெறுங்கள். பெயரை ஒத்த போலிகள் இருக்கக்கூடும் என்பதால் வெளியிட்டவர் யார் என்பதையும் பாருங்கள். எல்லா இணையதளங்களிலும் உள்ள எல்லாத் தரவுகளையும் படிக்கும் அனுமதியை ஒரு செருகுநிரல் கோரினால், உங்கள் வங்கிக் கணக்கின் பக்கமும் அதில் அடங்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இணைய வங்கிச் சேவைக்கெனச் செருகுநிரல் எதுவும் இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை உலாவியில் வைத்துக்கொள்வது நல்லது.

மறையாக்கத்தின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். அது மடலின் உள்ளடக்கத்தையும் இணைப்புகளையும் காக்கும். அனுப்புநர், பெறுநர் முகவரிகள் வெளியே தெரியும்; பொருள் வரியும் பல சமயங்களில் வெளியே தெரியும். எனவே பொருள் வரியில் கணக்கு எண் எழுத வேண்டாம். ஒருமுறைக் கடவுச்சொல், பின் எண், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண் ஆகியவற்றை மறையாக்கம் செய்த மடலிலும் எவருக்கும் அனுப்பக் கூடாது. வங்கி அவற்றை ஒருபோதும் கேட்பதில்லை.

எச்சரிக்கையையும் மீறிப் பணம் பறிபோயிருப்பின், தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்துவிட்டு, 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அங்கீகரிக்கப்படாத மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்றும், தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கி ஏற்க வேண்டும் என்றும் நெறி வகுத்தது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் விலை உண்டு என்பதை இதிலிருந்து உணரலாம்.

எங்கள் வாடிக்கையாளர் அன்று மாலையே தம் ஆவணங்களைப் பூட்டி அனுப்பிவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். கணக்காளரால் திறக்க முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றார். திறவுகோலைப் படியெடுத்து வைத்தீர்களா என்று கேட்டேன். சற்றே தயங்கி, இதோ இப்போதே செய்துவிடுகிறேன் என்றார்.