மூன்று கோர்ட்டுகளில் தொடங்கும் ஜாஸ்

கொழும்பு–கண்டி வீதியில் பிலிமத்தலாவையைக் கடப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது பித்தளை, செப்புப் பொருட்களை அடுக்கி வைத்திருக்கும் கடைகள். 1963இல் தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரியும் இந்த ஊரில்தான் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் திருச்சபை ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி அது. தேவாலயம் உள்ள இடத்தில் ஒரு கீபோர்ட்டோ கிட்டாரோ இருக்கும். ஞானப்பாட்டுக்குக் கோர்ட் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் இருப்பார். அதே ஆளைக் கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் பைலா வாசிப்பார், ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யையும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யையும் வாசிப்பார். ஞானப்பாட்டு, பைலா, பொப் இசை எல்லாவற்றிலும் பெரும்பகுதி மூன்று நான்கு கோர்ட்டுகளுக்குள் அடங்கிவிடும். ஜாஸ் என்றால் மட்டும், பெரிய இசைக் கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டிய, பிறவி ஞானம் வேண்டிய ஒன்று என்று இவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒதுங்கல் தேவையற்றது. எழுதி வைக்காததை அந்த நொடியிலேயே புனைந்து வாசிக்கும் ஜாஸ் மனோதர்மத்தைக் கற்பதற்கு, ஏற்கெனவே கையில் இருக்கும் அந்த மூன்று கோர்ட்டுகளே சரியான தொடக்கம் என்பது என் வாதம்.

கோர்ட் என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று அல்லது நான்கு சுரங்கள். சங்கீதம் படித்தவர்களுக்குச் சுரக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். சி என்ற சுருதியை ஷட்ஜமாக வைத்தால் முதல் கோர்ட் ச–க–ப. இரண்டாவது, எஃப் கோர்ட், ம–த–ச. மூன்றாவது, ஜி கோர்ட், ப–நி–ரி. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் வந்துவிடுகின்றன. மூன்று கோர்ட் தெரிந்தவர் ஒரு முழு ராகத்தின் சுரங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்கிறார். ஜாஸ் இந்த மூன்றுக்கும் நான்காவதாக ஒரு சுரத்தைச் சேர்க்கிறது. ப்ளூஸ் என்ற வடிவத்தில் சி கோர்ட்டுடன் கைசிகி நிஷாதமும், எஃப் கோர்ட்டுடன் சாதாரண காந்தாரமும், ஜி கோர்ட்டுடன் மத்தியமமும் சேரும். ப்ளூஸின் ஒரு சுற்று பன்னிரண்டு பார், பாருக்கு நான்கு அடி. முதல் நான்கு பார் சி, அடுத்த இரண்டு எஃப், மறுபடி இரண்டு சி, பின்பு ஜி ஒன்று, எஃப் ஒன்று, கடைசி இரண்டும் சி. மொத்தம் 48 அடி. நொடிக்கு ஓர் அடி என்ற நிதானமான காலத்தில் ஒரு சுற்று 48 நொடியில் முடிந்துவிடும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் பன்னிரண்டு தடவை சுற்றி வரலாம்.

பயிற்சியின் உயிர் கோர்ட் மாறும் அந்தக் கணத்தில் இருக்கிறது. சி கோர்ட்டிலிருந்து எஃப் கோர்ட்டுக்குப் போகும்போது அந்தர காந்தாரம் அரைச் சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரம் ஆகிறது. கைசிகி நிஷாதம் அரைச் சுரம் இறங்கித் தைவதம் ஆகிறது. ஒரு மேளகர்த்தாவில் இரண்டு காந்தாரங்கள் சேர்ந்து வருவதில்லை. இங்கே அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அந்த அரைச் சுர இறக்கத்தில்தான் ப்ளூஸின் நெகிழ்ச்சியே இருக்கிறது. ஆகவே தொடங்குபவர் பன்னிரண்டு பாரிலும் நிறைய வாசிக்க வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் கோர்ட்டின் ஆதார சுரத்தை மட்டும் வாசித்துச் சுற்றைக் காதில் ஏற்ற வேண்டும். பிறகு நான்கு அடிக்குக் கோர்ட்டின் நான்கு சுரங்கள். அது பழகிய பின், கோர்ட் மாறும் அடியில் புதிய கோர்ட்டின் காந்தார நிலையில் உள்ள சுரத்தில், அதாவது அதன் ஆதார சுரத்தை ஒன்றாக வைத்து வரிசையில் எண்ணினால் வரும் மூன்றாவது சுரத்தில், வந்து இறங்க வேண்டும். இறங்கும் இடம் உறுதியானால், இடையில் எதை வாசித்தாலும் அது எங்கோ போகிறது என்ற உணர்வு கேட்பவருக்குக் கிடைக்கும். இரண்டே சுரங்களை வைத்துக்கொண்டு தாளத்தை மட்டும் மாற்றி மாற்றி வாசிப்பதும், ஒரு பார் வாசித்து ஒரு பார் சும்மா இருப்பதும் இந்தக் கட்டத்தில் பெரிய பாடங்கள். வாசிப்பதற்கு முன் அதை வாயால் பாடிப் பார்ப்பது எல்லாவற்றிலும் பெரிய பாடம். பாட முடியாததை விரல் மட்டும் வாசித்தால் அது பழக்கத்தின் ஓட்டமாகத்தான் இருக்கும்.

இது தொடக்கநிலைக்காரர்களுக்காகச் சுருக்கிச் செய்த வழி அல்ல, ஜாஸ் மேதைகளே நடந்த வழி. லூயி ஆம்ஸ்ட்ரோங் 1928இல் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ இதே பன்னிரண்டு பார் வடிவம்தான். 1939இல் கோல்மன் ஹோக்கின்ஸ் ‘பொடி அண்ட் சோல்’ பாட்டை சாக்ஸபோனில் பதிவு செய்தபோது, தொடக்கத்தில் மெட்டைச் சற்றே கோடிகாட்டிவிட்டு, மிகுதி முழுவதையும் கோர்ட்டின் சுரங்களிலிருந்தே கட்டி எழுப்பினார். 1959இல் ஜோன் கொல்ட்ரேன் பதிவு செய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ கோர்ட்டுகள் மின்னல் வேகத்தில் மாறும் உருப்படி. அதில் அவர் திரும்பத் திரும்பக் கையாளும் சுரக் கோவைகளில் ஒன்று, அந்தந்தக் கோர்ட்டின் ஒன்று–இரண்டு–மூன்று–ஐந்து. நமது கணக்கில் ச–ரி–க–ப, மோகனத்தின் ஏறுமுகத்தில் முதல் நான்கு சுரங்கள். அதே பதிவில் பியானோ வாசித்த டொமி பிளனகன் தேர்ந்த கலைஞர். ஆனாலும் பழக்கமில்லாத அந்தக் கோர்ட் வரிசையில் அவர் தயங்குவது தெளிவாகக் கேட்கிறது. 1982இல் அவரே கொல்ட்ரேன் நினைவாக அதே பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, அதே உருப்படியைச் சரளமாக வாசித்தார். பிளனகனின் ஞானம் இடையில் கூடிவிடவில்லை. குறிப்பிட்ட அந்தக் கோர்ட்டுகளின் மேல் கை பழகியிருந்தது, அவ்வளவுதான். பிறவித் திறமை பற்றிய பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இப்படிக் கோர்ட்டைப் பிடித்துக்கொண்டு பழகினால் வாசிப்பு இயந்திரம் போல ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான அச்சம். கோர்ட் சுரங்களை மட்டும் ஏற்றி இறக்கி வாசிப்பவரை நெடுநேரம் கேட்க முடியாது. ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள மரபுகளே இதற்குப் பதில் சொல்கின்றன. மலைநாட்டு கெட்ட பெர மேளம் கற்பவர் தத், ஜித், தொங், நங் என்ற நான்கு அடிப்படை ஒலிகளில்தான் தொடங்குகிறார். கர்நாடக சங்கீதத்தில் கற்பனாஸ்வரம் பழகும் மாணவர், ஒரு ஆவர்த்தனத்துக்குள் நாலு சுரம் பாடி எடுப்பில் சரியாக வந்து சேர்வதிலிருந்துதான் ஏறிப் போகிறார். வாதப் பைலாவில் தலைப்பு அந்த இடத்திலேயே கொடுக்கப்படும். பாடகர்கள் பழகிய மெட்டுக்கு அங்கேயே வரி கட்டி ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். கோர்ட் வரிசையும் மாறுவதில்லை, மெட்டும் மாறுவதில்லை. அந்த நிலைத்த அடித்தளம் இருப்பதால்தான் சொல்லில் அவ்வளவு சுதந்திரம் வருகிறது. ஜாஸில் சொல்லின் இடத்தில் சுரம் இருக்கிறது என்பதே வேறுபாடு. இயந்திரத்தனம் வருவது பயிற்சி எளிமையாக இருப்பதால் அல்ல, அதே எளிமையில் நின்றுவிடுவதால். கோர்ட் சுரத்துக்கு அரைச் சுரம் கீழிருந்து தொட்டு ஏறுவது, ஒரு வாக்கியத்தைப் பார் எல்லையைத் தாண்டி நீட்டுவது என்று அடுத்த படிகள் இருக்கின்றன. அவையும் கோர்ட் சுரம் எது என்று தெரிந்தவருக்குத்தான் பொருள்படும்.

சங்கீதம் தெரிந்தவர்களின் ஆட்சேபம் இன்னும் கனமானது. ராகத்தில் மனோதர்மம் செய்யத் தெரிந்த தமிழருக்குக் கோர்ட் எதற்கு? ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸே 1959இல் ‘கைண்ட் ஒஃப் ப்ளூ’வில் கோர்ட் நெரிசலை விட்டுவிட்டு ராகம் போன்ற சுர வரிசைகளுக்குத் திரும்பவில்லையா? திரும்பினார். ஆனால் அந்த இசைத்தட்டிலும் கொல்ட்ரேன் வாசித்தார். அதே ஆண்டின் மார்ச், ஏப்ரலில் அது பதிவாக, மே மாதத்தில் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ பதிவானது. கோர்ட்டைக் கடந்து போனவர்கள் கோர்ட்டின் வழியாகவே போனார்கள். ராகத்தில் ஒவ்வொரு சுரத்தின் மதிப்பும் ஷட்ஜத்தை வைத்து நிர்ணயமாகி, கடைசிவரை நிலைக்கிறது. ஜாஸில் அடியில் கோர்ட் மாறினால் அதே சுரத்தின் மதிப்பும் மாறிவிடும்: சி கோர்ட்டில் இயல்பாக இருக்கும் அந்தர காந்தாரம், ப்ளூஸின் எஃப் கோர்ட் வந்ததும் முரண்டு பிடிக்கும். இந்தச் செவி ராகப் பயிற்சியால் தானாக வராது, அதற்கென்று பழக வேண்டும். ராகப் பயிற்சி உள்ளவர் பழகினால் வேகமாகப் பிடிப்பார் என்பதும் உண்மை. கிட்டார் கலைஞர் ஜோன் மக்லாக்லின் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுவிட்டு 1970களில் ‘சக்தி’ குழுவை அமைத்தபோது, அவருடன் வயலின் வாசித்தவர் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்த வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன். இரு பக்கத்தாரும் மற்றவரின் அடிப்படைப் பாடத்தை மதித்ததால் நடந்த இசை அது.

ஜாஸ் நமக்கு அந்நியம், கண்டிப் பக்கம் கற்பிப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. 1958இல் டேவ் புரூபெக்கும், 1963இல் டியூக் எலிங்டனும் இலங்கைக்கு வந்து வாசித்துச் சென்றார்கள், ஆகவே அந்நியம் என்ற சொல் அவ்வளவு பொருந்தாது. ஆசிரியர் பற்றாக்குறை மெய்யான தடை. நமது பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் என்று மூன்று பாடங்கள் தனித்தனியே ஓடுகின்றன. மேலைத்தேய சங்கீதம் படிக்கும் பிள்ளை எழுதி வைத்ததைத் தவறின்றி வாசிக்கப் பழகுகிறது. சொந்தமாக இரண்டு பார் வாசிக்கச் சொன்னால் திகைக்கிறது. கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைக்குப் புனையத் தெரியும், கோர்ட் தெரியாது. இந்த இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்தால் போதும். ஒருவர் கிட்டாரில் பன்னிரண்டு பாரைச் சுற்றிக்கொண்டிருக்க, மற்றவர் வயலினிலோ குரலிலோ ஒவ்வொரு மாற்றத்திலும் மூன்றாவது சுரத்தில் இறங்கிப் பார்க்கட்டும். அடுத்த சுற்றில் இடம் மாறிக்கொள்ளட்டும். ஒருவரே இருந்தால் கோர்ட்டைக் கைபேசியில் பதிவு செய்து ஓடவிட்டு அதன் மேல் வாசிக்கலாம். ப்ளூஸ் மூன்று நான்கு சுருதிகளில் கைக்கு வந்த பின், ரி–ம–த–ச, ப–நி–ரி–ம, ச–க–ப–நி என்ற மூன்று கோர்ட் வரிசைக்குப் போகலாம். அங்கே மத்தியமம் அசையாமல் நிற்க ஷட்ஜம் நிஷாதத்துக்கு இறங்கும். பின்பு நிஷாதம் நிற்க மத்தியமம் காந்தாரத்துக்கு இறங்கும். ஜாஸ் உருப்படிகளில் மிக அதிகமாக வரும் கோர்ட் வரிசைகளில் இது ஒன்று.