பருத்தியை மட்டுமே நம்பிய புழு

2002 மார்ச் 26 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு மூன்று பி.டி. பருத்தி வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி அளித்து, தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் அவற்றைப் பயிரிட வழி திறந்தபோது, பச்சைக் காய்ப்புழு, புள்ளிக் காய்ப்புழு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஆகிய மூன்றும் இலக்காக இருந்தன. முதலிரண்டும் பெருமளவு அடங்கிப்போக, மூன்றாவது மட்டும் தலைதூக்கியதற்கான காரணம் அப்புழுவின் உணவுப் பழக்கத்தில் இருக்கிறது.

மண்ணில் வாழும் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்னும் பாக்டீரியத்தின் பெயர்ச் சுருக்கமே பி.டி.; அதன் மரபணு ஒன்றைச் செடியினுள் புகுத்தும்போது, 'கிரை1ஏசி' என்ற நச்சுப் புரதத்தைச் செடி தானே உண்டாக்கிக்கொள்கிறது. காரத்தன்மை மிகுந்த புழுவின் குடலில் இப்புரதம் செயலூக்கம் பெற்று, குடற்சுவரில் உள்ள ஏற்பிகளில், அதாவது அதற்கென அமைந்த பற்றிடங்களில், ஒட்டி ஓட்டைகளை உண்டாக்குவதால், புழு தின்பதை நிறுத்திச் சில நாள்களில் மடிகிறது. மனிதரின் இரைப்பை அமிலத்தன்மை உடையது. அத்தகைய ஏற்பிகளும் மனிதக் குடலில் இல்லை; அதனால் இப்புரதம் மனிதரிடம் இவ்வாறு செயல்படாது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியையும் வெள்ளை ஈயையும் இப்புரதம் தொடுவதில்லை என்பதால், பி.டி. வயலிலும் மருந்துத் தெளிப்பான் ஓய்ந்துவிடவில்லை.

நச்சைத் தாங்கும் திறன் சில புழுக்களில் இயல்பாகவே அமைந்திருக்கும். அத்திறன் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவது என்பதால், அந்துப்பூச்சிகள் நச்சறியாத பூச்சிகளோடு இணைசேர்ந்துகொண்டிருக்கும் வரை அது எளிதில் பரவாது. பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எனப் பலவற்றைத் தின்பதால், நச்சறியாத துணைகள் பிற வயல்களிலிருந்து வந்துகொண்டே இருந்தன. இளஞ்சிவப்புப் புழுவுக்கோ ஏறத்தாழ பருத்தியே உலகம். அது காயினுள் விதையைக் குடைந்து வாழ்வதால் தெளிக்கும் மருந்தும் எட்டுவதில்லை. உத்திரமேரூர் அருகே பெருநகர் போன்ற நெல் விளையும் ஊர்களில், தண்டுக்குள் ஒளிந்து வெண்கதிரை உண்டாக்கும் குருத்துப்பூச்சியை அறிந்தவர்களுக்கு இத்தொல்லை எளிதில் விளங்கும்.

இதை எதிர்பார்த்தே, 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்து, வயலைச் சுற்றிப் 'புகலிடப் பயிராக' விதைக்கச் சொன்னார்கள்; ஆனால் பெரும்பாலோர் விதைக்கவில்லை. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்த்த திட்டத்தில்தான் பெரிய பிழை உள்ளது. வீரிய ஒட்டு என்பதே இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது: அதன் செடியில் நச்சு மரபணு ஒரு பிரதி மட்டுமே இருப்பதால், காயிலுள்ள விதைகளில் ஏறத்தாழ கால் பங்கு நச்சின்றி அமைந்து, புழு பிழைத்துப் பழக இடம் தருகிறது. பல பறிப்புகளுக்காகப் பயிரை மாதக்கணக்கில் நீட்டி வைப்பதும் புழுவுக்கே உதவுகிறது.

கிரை1ஏசி புரதத்தை இளஞ்சிவப்புப் புழு எதிர்த்து நிற்பதாகக் குஜராத்தின் நான்கு மாவட்டங்களைச் சுட்டி 2010இல் இத்தொழில்நுட்பத்தை உருவாக்கிய மான்சாண்டோ நிறுவனமே அறிவித்தது. 2006இல் வந்த, இரண்டு புரதங்கள் கொண்ட போல்கார்டு-2 ரகமும் அடுத்த சில ஆண்டுகளில் அப்புழுவிடம் தோற்றது. அமெரிக்காவின் அரிசோனாவிலோ, தொடக்கத்தில் புகலிடப் பயிர் ஒழுங்காக வளர்க்கப்பட்டு, பின்னர் மலடாக்கிய அந்துப்பூச்சிகளும் பெருந்தொகையாகப் பறக்கவிடப்பட்டன. 2018இல் அந்நாட்டின் பருத்தி விளையும் பகுதிகளிலிருந்து இப்புழு ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

பெரம்பலூரிலும் விருதுநகரிலும் பருத்தி விதைப்போர் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துக் கண்காணிப்பதோடு, கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்திமாரை விறகுக்காக வரப்போரம் குவித்து வைக்காமல் உடனே அப்புறப்படுத்த வேண்டும். வெடிக்காத காய்களிலும் ஒட்டிய இரட்டை விதைகளிலும் உறங்கும் புழுக்கள்தான் அடுத்த பயிரின் முதல் அந்துப்பூச்சிகள்.